பென் டிரைவில் போன எழுத்து

எழுத்துக்கும் லைசென்ஸ் உண்டு என்று என் மருமகள் முதன்முதலாகச் சொன்னபோது நான் நம்பவில்லை. வண்டிக்கு உண்டு, கடைக்கு உண்டு, பட்டாசு விற்க உண்டு. அ, ஆ, இ, ஈ-க்கு யார் லைசென்ஸ் கொடுப்பார்கள்?

"ஏம்மா, க-வுக்கு யாரு பட்டா வாங்கி வெச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"க-வுக்கு யாரும் வாங்கலை அத்தை. இந்த க இப்படி வளையுது பாருங்க, இந்த வளைவை ஒருத்தங்க உக்காந்து வரைஞ்சிருக்காங்க. அவங்களைக் கேட்டுத்தான் நாம எடுக்கணும்" என்றாள்.

அவள் சொன்னது அன்றைக்குப் பாதிதான் புரிந்தது. மீதிப் பாதி எனக்கு எப்படிப் புரிந்தது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். இப்போது மனசு லேசாக இருப்பதால் சொல்ல முடிகிறது.

எங்கள் கடை ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகிற வழியில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, விழா நோட்டீஸ், மசாலா பாக்கெட், மருந்துக் கடைப் பை என்று எது கேட்டாலும் கம்ப்யூட்டரில் வடிவமைத்துக் கொடுப்போம். அச்சடிப்பது நாங்கள் இல்லை. அதற்குப் பாலக்கரையில் ஓர் அச்சகம் இருக்கிறது. கம்ப்யூட்டர் வேலையெல்லாம் மருமகளும், கூட வேலை செய்கிற இன்னொரு பெண்ணும் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் கடை என் பேரில் இருக்கிறது. அச்சகங்களில் பத்திரிகை மடித்து, கவர் ஒட்டிச் சேர்த்ததில் நான் போட்ட கடை. என் வீட்டுக்காரர் பாங்கியில் ஒரு கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான்.

நான் திருவெள்ளறைப் பக்கம் பிறந்தவள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. ஏனென்றால் எங்கள் கடையில் எந்த வேலைக்கு எந்த எழுத்து என்று முடிவு செய்வது நான்தான். வேகமாகப் படிக்கிறவர்கள் கண்ணில் எழுத்து படுவதில்லை, சொல்தான் படுகிறது. எனக்கு அப்படி இல்லை. ஒவ்வோர் எழுத்தும் தனியாக வந்து நின்று, முகம் காட்டிவிட்டுத்தான் போகும்.

மருமகள் ஒரே வாசகத்தை ஏழெட்டு விதமான எழுத்தில், அவள் பாஷையில் ஃபாண்டில், அடித்துத் தாளில் எடுப்பாள். அவற்றைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டுவோம். நான் எதிர்ச் சுவரோரமாக, தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு படிப்பேன். ர-வுக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். ன-வா ண-வா என்று சுழியை எண்ணிப் பார்க்காமல் தெரிய வேண்டும். நான் எந்தத் தாளில் தடுக்கினேனோ அந்தத் தாள் கீழே இறங்கிவிடும். இந்த ஊரில் இன்னொரு சோதனையும் உண்டு. ஸ்ரீ சரியாக அமையாத எழுத்தை ஸ்ரீரங்கத்தில் யாரிடமும் காட்ட முடியாது. உத்திர வீதியிலிருந்து ஒரு ஸ்வாமி, தன் பிள்ளையின் கல்யாணப் பத்திரிகையை மூன்று தடவை திருப்பி அனுப்பினார். "ஸ்ரீங்கறது தாயார் திருநாமம்மா, கொம்பு ஒடிஞ்சாப்ல போடலாமோ" என்று கேட்டார். நான்காவது தடவை நான் எடுத்துக் கொடுத்த எழுத்தைப் பார்த்துவிட்டு, "திவ்யமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். படித்தவர்கள் அடித்த மூன்றும் நிற்கவில்லை, என்னுடையது நின்றது. சும்மா சொல்லி வைக்கிறேன்.

தொட்டியத்துக்காரர் ஒருவர் வந்தார். வாழைக்காய் சிப்ஸ் போடுகிறவர். இத்தனை வருஷமும் சும்மா பாலித்தீன் பையில் கட்டி, பெட்டிக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். திருச்சியில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் அவருடைய சரக்கை எடுத்து வைக்க ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது முதல் வாய்ப்பு. அதற்குக் கலர் பாக்கெட் வேண்டும் என்று வந்தார்.

எழுத்து எண்ணெய் சொட்டுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்டார். எங்கேயோ சினிமா போஸ்டரில் பார்த்திருக்கிறார்.

"சிப்ஸ் வாங்குறவங்களுக்கு எண்ணெயை ஏங்க ஞாபகப்படுத்துறீங்க?" என்று நான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அப்புறம் என் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்.

அன்று கொடியில் தொங்கிய ஒன்பது தாள்களில் கடைசித் தாளில் என் கண் நின்றது. வா-வுக்கு வயிறு நிறைந்திருந்தது. ழ-வின் வால் கீழே இறங்கி, ஈ ஓட்டுகிற மாட்டின் வால் நுனி திரும்புமே, அப்படி ஒரு திரும்பு திரும்பியிருந்தது. வாழைக்காய் என்று தடுக்காமல் படித்தேன். இதுதான் என்று சொல்லிவிட்டேன்.

மருமகள் தயங்கினாள். அது சும்மா கிடைக்கிற எழுத்து இல்லை என்றாள். சென்னையில் ஒரு பெண் வரைந்து விற்கிறாராம். பார்ப்பதற்கு மட்டும் இலவசமாகக் கொடுப்பாராம். வாடிக்கையாளர் வேலைக்குப் போட வேண்டுமென்றால் லைசென்ஸ் வாங்க வேண்டுமாம். பட்டா கேள்வியை நான் கேட்டது அப்போதுதான். எத்தனை நாள் வரைந்தாளாம் என்றும் கேட்டேன். ஒன்றரை வருஷம் என்றாள் மருமகள். ஒன்றரை வருஷம் உட்கார்ந்து வரைந்தவளுக்குக் கொடுக்காமல் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வாங்கு என்றேன்.

லைசென்ஸ் தாள் வந்தது. மருமகள் அதை அச்செடுத்து எனக்குப் படித்துக் காட்டினாள். நம்முடைய இரண்டு கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொள்ளலாம், எத்தனை வேலை வேண்டுமானாலும் செய்யலாம், எழுத்தை மட்டும் வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் லைசென்ஸ் செல்லாது என்று இருந்தது. நானும் ம் போட்டேன். காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை.

ஏறாததற்கு ஒரு காரணம் இருந்தது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பத்திரிகையை, எழுத்து இல்லாமல் வேலையை மட்டும் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டோம். அச்சகத்துக் கம்ப்யூட்டரில் அந்த எழுத்து இல்லை. மாப்பிள்ளை பேர் இருக்க வேண்டிய இடத்தில் இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. அங்கே யாரும் கவனிக்காமல் அச்சடித்தே அனுப்பிவிட்டார்கள். பெண்ணைப் பெற்றவர் எங்கள் கடை வாசலில் நின்று பேசிய பேச்சை நான் மறக்கவில்லை. அன்றைக்கு ஒரு சட்டம் போட்டேன். பென் டிரைவில் வேலை போனால், எழுத்தும் கூடவே போக வேண்டும். கட்டுச்சோறு கொடுத்தால் ஊறுகாயும் வைக்கிற மாதிரி. திருச்சியில் எனக்குத் தெரிந்த கடைகள் எல்லாம் அப்படித்தான் செய்தன. அச்சகத்துக்காரர் கேட்காமலே வைத்துவிடுவோம். வைக்காவிட்டால், என்ன இப்படிக் கை சுருங்கிப் போச்சு என்று அவர் கேலி பேசுவார்.

பாக்கெட் வேலை முடிந்த சமயத்தில் மருமகளின் தம்பிக்குத் தஞ்சாவூரில் கல்யாணம். அவள் கிளம்புவதற்கு முன் வேலையைப் பென் டிரைவில் ஏற்றி என் கையில் கொடுத்தாள். எழுத்தையெல்லாம் படமாக மாற்றிவிட்டேன், எழுத்து கூடப் போக வேண்டியதில்லை, அப்படியே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் அச்சகத்திலிருந்து ஆள் வந்தபோது, கடையில் இருந்த பெண்ணிடம் எழுத்து வைத்தாயா என்று கேட்டேன். அக்கா வேண்டாமென்று சொன்னார்கள் என்றாள்.

"நான் சொல்றேன், வைம்மா" என்றேன்.

வைத்தாள். பென் டிரைவை என் கையாலேயே கொடுத்தனுப்பினேன்.

பாக்கெட் பிரமாதமாக வந்தது. தொட்டியத்துக்காரர் சிப்ஸை நிரப்பி, சீல் வைக்க ஆரம்பித்துவிட்டார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எதிரில் ஒரு கடையில் தேன்குழல் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கின. தேன்குழல் என்பதில் ழ இருக்கிறதே, அதன் வால் நுனி திரும்பியிருந்தது. நம்ம எழுத்து என்று எனக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. இறங்கிப் போய் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்தேன். வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே பெருமை. நான் பொறுக்கி எடுத்த எழுத்து ஊரில் நடமாடுகிறதே என்று.

கடைக்குள் நுழைந்ததும் பாக்கெட்டை மருமகளின் மேஜை மேல் வைத்தேன். பாத்தியா என்றேன். அவள் எடுத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் கீழே பொடி எழுத்தில் எங்கள் பாலக்கரை அச்சகத்தின் பேர் இருந்தது.

"அத்தை, அவங்களுக்கு இந்த ஃபாண்ட் எப்படிப் போச்சு?"

பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மருமகளுக்குப் புரிந்துவிட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

விஷயத்தை அவள் எடுத்துச் சொன்னாள். சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட்டோடு லைசென்ஸ் தாளையும் கேட்டிருக்கிறார்கள். பாக்கெட்டில் இருக்கிற படம், எழுத்து எல்லாம் முறையாக வாங்கியது என்று காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். எழுத்தை வெளியே கொடுத்ததால் லைசென்ஸ் செல்லாது என்று ஆகிவிட்டால், தொட்டியத்துக்காரர் அந்தப் பாக்கெட்டில் விற்க முடியாது. பாக்கெட் எல்லாம் நிரம்பிவிட்டது. பிரித்தால் சிப்ஸும் போச்சு, சூப்பர் மார்க்கெட்டும் போச்சு.

"தாள் நம்மகிட்ட இருக்கு அத்தை. அதைக் குடுத்துட்டுப் பேசாம இருந்துடுவோம். யாருக்குத் தெரியப் போகுது" என்றாள். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் நான் யோசித்தேன். பஸ் ஜன்னலிலிருந்து எனக்கே அந்த வால் தெரிந்தது. வரைந்தவளுக்குத் தெரியாதா? அவளும் ஏதாவது ஒரு பஸ்ஸில் போவாள். அன்றைக்குத் தொட்டியத்துக்காரரின் சரக்கு கடைத் தட்டில் இருக்கும். எல்லார் முன்னாலும் அவர் இறக்கி எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். நான் செய்ததற்கு அந்த மனுஷர் ஏன் தலை குனிய வேண்டும்?

முதலில் அவருக்குத்தான் போன் போட்டேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அந்தப் பக்கம் எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பாக்கெட்டெல்லாம் சீல் பண்ணி அடுக்கியாச்சும்மா. பிரிச்சா நமுத்துப் போயிடும்" என்றார் கடைசியில்.

"தெரியுங்க. அதான் உங்ககிட்ட முதல்ல சொல்றேன். எழுத்து வரைஞ்சவங்களுக்குப் போன் பண்ணப் போறேன். அவங்க என்ன சொல்றாங்களோ, அதை அப்படியே உங்ககிட்ட சொல்லிடுவேன்."

"வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி சொல்லிடுங்க" என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மருமகள் சென்னைக்குப் போன் போட்டு, நானும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தாள். எடுத்தது ஒரு பெண் குரல். எழுத்து வரைகிறவரேதான். மருமகள் பேச ஆரம்பித்தாள், நான் போனை வாங்கிக்கொண்டேன். தப்பு என்னுடையது, அதை அவள் வாயால் சொல்லக் கூடாது.

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். கட்டுச்சோறும் ஊறுகாயும் சொன்னேன். மருமகள் வேண்டாமென்று சொல்லியும் நான் வைக்கச் சொன்னதைச் சொன்னேன். தேன்குழல் பாக்கெட்டைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் எதிர்பாராத ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பாக்கெட்ல இருக்கறது என் எழுத்துன்னு உங்களுக்கு எப்படிங்கம்மா தெரிஞ்சுது?"

"ழ-வோட வாலுங்க. நுனி திரும்புதே."

"எவ்வளவு தூரத்துலேருந்து பாத்தீங்க?"

"நான் பஸ்ல இருந்தேன். கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம்."

அவர் சிரித்தார். அந்த வாலை வேண்டாமென்று எத்தனையோ பேர் சொன்னார்களாம், அவர் விடவில்லையாம். "சரி, என் பிடிவாதம் வீண் போகலை" என்றார். ஆனால் அவர் விஷயத்தை விட்டுவிடவில்லை. குரல் கண்டிப்பாக மாறியது.

தொட்டியத்துக்காரர் பாக்கெட்டில் குற்றம் இல்லை என்றார். அது லைசென்ஸ் உள்ள கம்ப்யூட்டரில் செய்த வேலை. பாக்கெட்டில் இருப்பது வெறும் படம். தப்பு, எழுத்தையே தூக்கி இன்னொருவரிடம் கொடுத்தது. நாளைக்குள் அந்த அச்சகத்தில் ஒரு மெஷினில்கூட அந்த எழுத்து இருக்கக் கூடாது. தேன்குழலுக்குப் போட்டதற்கு அச்சகத்துக்காரர் தன்னிடம் நேராகப் பேசி முறைப்படி வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் எங்கள் லைசென்ஸை ரத்து செய்ய மாட்டேன், சூப்பர் மார்க்கெட்டுக்கும் தானே ஒரு கடிதம் தருகிறேன் என்றார்.

"அழிச்சாச்சுன்னு நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க. அவர் சொன்னாப் போதாது" என்றார். என்னைத்தான் சொன்னார், என் மருமகளை இல்லை.

மறுநாள் காலையில் பாலத்தைத் தாண்டி, பஸ் மாறி, பாலக்கரைக்குப் போனேன். மருமகள் கூட வருகிறேன் என்றாள். வேண்டாம், கடையைப் பார் என்று சொல்லிவிட்டேன்.

அச்சகத்துக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். சேதி ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தோம். "நீங்க குடுத்தீங்க, நான் வெச்சுக்கிட்டேன். திருடலைம்மா" என்றார். திருடவில்லைதான், கொடுத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். சென்னைக்காரியிடம் பேசிக் கணக்கைத் தீர்த்துக்கொள்வதாக அவரும் சொன்னார். அது அத்தனை கஷ்டமாக இல்லை. அழிப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

அவர் கம்ப்யூட்டரில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஆச்சு என்றார்.

"அந்த எழுத்து பேரையே போட்டு, வாழைக்காய்னு அடிச்சு ஒரு தாள் எடுங்க" என்றேன்.

தாள் வந்தது. ழ-வுக்கு வேறு வால், குட்டையாக, மொட்டையாக இருந்தது. சரி. அடுத்த மெஷினிலும் எடுக்கச் சொன்னேன். அதில் போடவே இல்லை என்று சத்தியம் செய்தார். இருக்கட்டும் எடுங்க என்றேன். தாளைக் கையில் வாங்கினால், வால் நுனி திரும்பிக்கொண்டு நிற்கிறது.

"தேன்குழல் வேலையை இதுலதான் பண்ணுனோமோ என்னவோ, மறந்துபோச்சு" என்று தலையைச் சொறிந்தார். அழித்துவிட்டு மறுபடி எடுத்தார். நான் நாற்காலியை இழுத்து மூன்றாவது மெஷினுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

"கோர்ட்டு அமீனா மாதிரி வந்து உக்காந்துட்டீங்களேம்மா."

"அமீனா வந்தா மெஷினையே தூக்கிட்டுப் போவாருங்க. நான் வாலை மட்டும்தான் கேக்குறேன்."

அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மூன்றாவது மெஷின் சுத்தமாக இருந்தது. மேஜை டிராயரில் கிடந்த எங்கள் பென் டிரைவையும் கேட்டு வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டேன். வால் திரும்பாத மூன்று தாளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மருமகள் அந்தத் தாள்களைப் படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினாள். அன்று பதில் வரவில்லை. மறுநாள் வியாழக்கிழமை. காலையிலும் வரவில்லை. அவள் ஒரு பிறந்தநாள் பேனர் வேலையைப் பார்த்துக்கொண்டே, அடிக்கடி மெயிலைத் திறந்து பார்த்தாள். நான் கேட்கவில்லை. கேட்டால் என் குரல் காட்டிக் கொடுத்துவிடும் என்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். காவிரிக்குக் குளிக்கப் போகிற கூட்டம் போய்க்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு, "வந்துடுச்சு அத்தை" என்றாள்.

படித்தாள். இந்த வாழைக்காய் சிப்ஸ் பாக்கெட்டில் உள்ள எழுத்து முறையாக லைசென்ஸ் பெற்றது, அதை விற்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை என்று எழுதியிருந்தது. மறுபடி படி என்றேன், படித்தாள். அப்புறம் அச்செடுக்கச் சொல்லி, நானே கையில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினேன். ஆட்சேபணை என்பது பெரிய சொல். ஏறி இறங்கி வர நேரமாயிற்று. அவள் அவசரப்படுத்தாமல் பக்கத்தில் நின்றாள்.

"இவ்வளவு நடந்தும், நான் பண்ணுனதுக்கு ஒரு வார்த்தை திட்டலையே நீ" என்றேன்.

"திட்டணும்னு நினைச்சேன் அத்தை. நீங்க போனைப் பிடுங்கிப் பேசுனப்ப மறந்துட்டேன்."

தொட்டியத்துக்காரருக்குச் சொன்னேன். நான் பெரிதாக ஏதோ எதிர்பார்த்திருந்தேன். அவர், "சரிங்கம்மா, வண்டிக்குச் சொல்லிடுறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சரக்கு ஏற்றுகிற அவசரம் அவருக்கு.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் அவரே கூப்பிட்டார். சூப்பர் மார்க்கெட்டுக்குள்ளிருந்து பேசினார். பின்னால் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"கண்ணுக்கு நேரா இருக்கற தட்டுல வெச்சிருக்காங்கம்மா. இப்ப ஒருத்தங்க எடுத்துப் பாத்தாங்க."

"எடுத்தாங்களா, வெச்சுட்டாங்களா?" என்று கேட்டேன்.

"கூடையில போட்டுக்கிட்டாங்க" என்றார். அதையே இன்னொரு தடவையும் சொன்னார். இத்தனை நாளும் அவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அன்று கடையை நேரத்தோடு சாத்தினோம். வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தேன். மருமகள் தோசை வார்த்துக் கொடுத்தாள். பசி என்னவென்று எனக்கு மறுபடி தெரிந்தது. இன்னும் ஒன்று போடு என்று நானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.